ஊர் ஊராய் வந்த சோறு: நம் சமையல் வகுப்பும் அதற்கு முந்திய வரலாறும்



மலர்க் குழுவில் ஆளுக்கொரு தலைப்பு பிரித்துக் கொடுத்தாங்க. சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், மஞ்சள் தூள் தொழில் எல்லாத்துக்கும் எழுத ஆள் இருக்கு. எனக்கு வந்தது சமையல் வகுப்பு. "மாசத்துக்கு ஒரு நாள் நடக்கிற வகுப்புக்கு என்னக்கா வரலாறு இருக்குது?" என்று எங்க குழுத் தங்கச்சி ஒருத்தி கேட்டாள். நம்ம வகுப்புக்கு வயசு கம்மிதான். ஆனால் வேற நாட்டுச் சாப்பாட்டை நம்ம பக்கத்துப் பெண்கள் கத்துக்கிட்ட கதைக்கு ஐந்நூறு வருஷ வயசு. அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கிட்டால், நாம இப்போ செய்யற காரியம் எவ்வளவு பெரிசுன்னு நமக்கே புரியும். அதனால் ஆரம்பத்தில் இருந்தே சொல்றேன்.

நம்ம அடுப்படியில் இருக்கிற வெளிநாடு

கொடுமுடிக்காரங்களுக்குக் காவிரி இருக்கு, காலிங்கராயன் வாய்க்கால் இருக்கு. மஞ்சள், கரும்பு, வாழை, தென்னை எல்லாம் நம்ம மண்ணில் விளையுது. "எங்க சாப்பாடு எங்க ஊருச் சாப்பாடு" என்று பெருமையாய்ச் சொல்லிக்கிறோம். ஆனால் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொண்ணாய்ப் பாருங்க.

மிளகாய் நம்ம நாட்டுச் செடி இல்லை. அது அமெரிக்கக் கண்டத்தில், மெக்சிகோ பக்கம் பிறந்தது. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். அதற்கு அடுத்த நூறு வருஷத்துக்குள் போர்த்துக்கீசியர் கப்பல்கள் வழியாய் மிளகாய் நம்ம கரைக்கு வந்து சேர்ந்தது. அதுக்கு முன்னால் நம்ம ஆளுகளுக்குக் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி. புதுசாய் வந்த காய் மிளகு மாதிரி உறைத்ததால் அதுக்கு 'மிளகாய்' என்று பேர் வைத்தார்கள். மிளகு, காய் இரண்டும் சேர்ந்த பேர் அது. இன்னைக்கு வரமிளகாயைக் கிள்ளிப் போடாமல் பள்ளிபாளையம் சிக்கன் செய்ய முடியுமா?

நிலக்கடலை தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. ஆற்காட்டுப் பக்கம் அதை 'மணிலாக்கொட்டை', 'மல்லாட்டை' என்பார்கள். மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாய்ப் பிரான்சு நாட்டுக்கு எண்ணெய் ஆட்டப் போனது. நாம மானாவாரிக் காட்டில் விதைத்து, செக்கில் ஆட்டி, சாயங்காலம் வறுத்துத் தின்கிற கடலைக்குப் பின்னால் இவ்வளவு கடல் இருக்கு.

பரங்கிக்காயின் பேரிலேயே பறங்கிக்காரன் உட்கார்ந்திருக்கிறான். சௌசௌவுக்குச் 'சீமைக் கத்திரிக்காய்' என்று இன்னொரு பேர். தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், பப்பாளி, கொய்யா, முந்திரி எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்தான். மரவள்ளி பிரேசில் பக்கத்தது. 1880-களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் தன் நாட்டு ஏழைகள் பசியாறட்டும் என்று அதைப் பரப்பினார். ஜவ்வரிசி அப்போதெல்லாம் மலேயா, ஜாவாப் பக்கம் பனை மாதிரி ஒரு மரத்தின் சோற்றில் செய்து கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்றது. அந்த 1940-களில்தான் நம்ம பக்கத்துச் சேலத்தில் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யும் தொழில் பிறந்தது. இன்னைக்குப் பாயாசத்துக்கும் வடகத்துக்கும் போடுகிற ஜவ்வரிசி அந்த வழியில் வந்தது.

இதையெல்லாம் கொண்டு வந்தது கப்பல்காரன். பயிர் வைத்தது குடியானவன். ஆனால் மிளகாயைப் புளியோடு சேர்க்கலாம், கடலையை வெல்லப் பாகில் உருட்டலாம், பரங்கிக்காயைக் கூட்டு வைக்கலாம் என்று கண்டுபிடித்தது அடுப்படியில் நின்ற பெண்கள். பக்கத்து வீட்டுக்காரி செய்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி செய்தாள். பிறந்த வீட்டில் கத்துக்கிட்டதைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டு போனாள். பலகை இல்லாத, வாத்தியார் இல்லாத சமையல் வகுப்பு அதுதான்.

சொல்லிக் கொடுக்க வந்தவர்கள்

பிறகு ஒரு காலம் வந்தது. சமையலைச் சொல்லிக் கொடுக்க வெளியில் இருந்து ஆள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தது டீ. நம்ம மலையில் விளைந்தாலும் டீ அப்போ நம்ம குடிபானம் இல்லை. கம்மங்கூழ், நீராகாரம், மோர்தான் குடித்தோம். 1930-களில் வெளிநாட்டு விற்பனை படுத்தபோது, தேயிலைத் தோட்டக்காரர்களின் வரிப் பணத்தில் நடந்த குழு ஒன்று நாடு முழுக்க ஆட்களை அனுப்பியது. ரயிலடியில், மில் வாசலில், சந்தையில் டீ போட்டு இலவசமாய்க் கொடுத்தார்கள். வீட்டுக்குள் போய்ப் பெண்களுக்கு எப்படிப் போடணும் என்று செய்து காட்டினார்கள். இன்னைக்கு நம்ம குழுக் கூட்டம் டீ இல்லாமல் நடக்குதா?

அடுத்து வந்தது கோதுமை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும், சென்னை மாகாணம் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அரிசிக்குப் பதில் கோதுமையைத் தின்னச் சொன்னார்கள். கோதுமையை என்ன செய்வதென்று நம்ம பெண்களுக்குத் தெரியவில்லை. சுதந்திரத்துக்குப் பின்னாலும் பஞ்சம் விடவில்லை. 1956-ல் அமெரிக்காவோடு பி.எல்.480 ஒப்பந்தம் போட்டுக் கோதுமை கப்பல் கப்பலாய் வந்தது. 1965, 1966-ல் மழை பொய்த்தபோது, வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொல்லிப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். 1967 தேர்தலே அரிசித் தேர்தல் என்று பெரியவங்க சொல்வாங்க.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை நான். காமராஜர் 1956-ல் கொண்டுவந்த மதிய உணவுக்கு, 1960-களில் 'கேர்' என்ற அமெரிக்க நிறுவனம் பொருள் கொடுத்தது. பால் பவுடர், மக்காச்சோள மாவு, வேகவைத்து உடைத்த கோதுமை, எண்ணெய் எல்லாம் டின்னிலும் மூட்டையிலும் வரும். நாங்க அதை 'அமெரிக்கா உப்புமா' என்போம். மஞ்சள் நிறமாய், ஒரு மாதிரி வாசத்தோடு இருக்கும். வீட்டில் களி தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு முதலில் தொண்டையில் இறங்கவில்லை. எங்க பள்ளிக்கூடத்து ஆயா ஒரு நாள் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கிள்ளிப் போட்டு, கடுகு தாளித்துக் கொட்டினாங்க. அன்னைக்கு இரண்டாம் தடவை கேட்டு வரிசையில் நின்றோம். அமெரிக்காக் கோதுமையை எங்களுக்குச் சோறாக்கியது அந்த ஆயாவின் கைதான்.

இதே பாடம் அமெரிக்காவிலும் நடந்திருக்கு. 1889-ல் சிகாகோ நகரத்தில் ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரண்டு பெண்கள் 'ஹல் ஹவுஸ்' என்று ஒரு சேவை இல்லம் ஆரம்பித்தார்கள். இத்தாலி, போலந்து, ரஷ்யா என்று பல நாட்டில் இருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் சுற்றிலும் குடியிருந்தன. அவர்களுக்காக 1893-ல் ஒரு பொது அடுப்படி திறந்தார்கள். சத்துக் கணக்குப் பார்த்து, செலவுக் கணக்குப் பார்த்து, சுத்தமாய்ச் சமைத்த சாப்பாடு. எல்லாம் அமெரிக்க முறைச் சமையல். ஆனால் அக்கம்பக்கத்து ஜனங்கள் எதிர்பார்த்த மாதிரி வாங்க வரவில்லை. அவங்கவங்க நாட்டு ருசி அவங்கவங்களுக்கு வேண்டியிருந்தது. ஜேன் ஆடம்ஸ் இதை ஒளிக்காமல் தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த அம்மா பின்னால் 1931-ல் நோபல் பரிசு வாங்கினவர்.

"நான் சொல்றேன், நீ கேட்டுக்கோ" என்று நடக்கிற சமையல் வகுப்பு வயிற்றை நிரப்பலாம். ஆனால் அடுப்படிக்குள் அது நுழையாது.

கோயமுத்தூரில் ஒரு கல்லூரி

இதைப் புரிந்துகொண்ட ஒருவர் நம்ம பக்கத்திலேயே இருந்தார். 1957-ல் தி.சு. அவினாசிலிங்கம் அய்யா கோயமுத்தூரில் பெண்களுக்கென்று மனையியல் கல்லூரி தொடங்கினார். அந்தக் கல்லூரியை வளர்த்தவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ். 1919-ல் செங்கத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

அமெரிக்காவில் படித்து வந்தவர் அமெரிக்கச் சமையலைச் சொல்லித் தரவில்லை. கிராமத்து அம்மாக்கள் வீட்டில் என்ன இருக்குதோ அதில் இருந்து ஆரம்பித்தார். அங்கே உருவான 'குழந்தை அமுது' என்ற சத்துமாவைப் பாருங்க. சோளம் அல்லது மக்காச்சோளம், பாசிப்பயறு, வறுத்த நிலக்கடலை, வெல்லம். இதில் மக்காச்சோளமும் கடலையும் கடல் கடந்து வந்தவை, பாசிப்பயறும் வெல்லமும் நம்ம ஊர். எது எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கேட்கப் போவதில்லை. அம்மாவால் வாங்க முடியணும், வறுத்து அரைக்க முடியணும், பிள்ளை வயிறு ஏற்றுக்கணும். நம்ம கூட்டமைப்பிலும் சத்துமாவு செய்யும் குழு இருக்கு. அவங்க வேலைக்கு இந்தக் கோயமுத்தூர் வேலை ஒரு விதத்தில் தாய்வீடு.

திரும்பி வந்தவர்கள் கொண்டு வந்தது

இன்னொரு வழியிலும் பிற நாட்டுச் சாப்பாடு நம்மிடம் வந்தது. அது துக்கமான வழி.

பர்மாவில் தலைமுறை தலைமுறையாய் இருந்த தமிழர்களின் கடைகளை, 1962-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவ அரசு 1964-ல் நாட்டுடைமை ஆக்கியது. உடுத்திய துணியோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். கையில் நகை கொண்டுவர விடவில்லை. சமையலை யாரும் பிடுங்க முடியாது. சென்னை பர்மா பஜார் பக்கம் போனால் 'அத்தோ' கிடைக்கும். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித் தண்ணீர், வறுத்த பூண்டு, மிளகாய்த் தூள், நொறுக்கின பேஜோ எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப் ஒரு கிண்ணம். வாழைத்தண்டு நமக்குத் தெரியாததா? நாம பொரியல் செய்து மிச்சத்தை மாட்டுக்குப் போடுகிறோம். பர்மாக்காரங்க அதில் சூப் வைத்து ஊருக்கே ருசி காட்டியிருக்காங்க.

இலங்கை மலையகத்துக்கு ஆங்கிலேயர் காலத்தில் தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் கதையும் அப்படித்தான். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. பிறந்த மண்ணை விட்டு, பார்த்தே இராத தாய்நாட்டுக்கு வந்தவர்கள் நிறையப் பேர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தார்கள். 'டேன்டீ' தோட்டங்கள் அவர்களுக்காகவே உண்டானவை.

1983 ஜூலையில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களை நமக்கே தெரியும். ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, மாவட்டம் மாவட்டமாய்ப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். நம்ம ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர், அரச்சலூர், ஈஞ்சம்பள்ளி என்று முகாம்கள் இருக்கு. 2021-ல் அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பேர் மாற்றியது. முகாமுக்குள்ளும் மகளிர் குழுக்கள் உண்டு. சேமிப்பு, உள்கடன், தீர்மானப் புத்தகம் எல்லாம் நம்ம மாதிரியேதான். நாற்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். ஒரே பஸ்ஸில் போனோம், ஒரே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம். ஆனால் அவங்க வீட்டில் என்ன குழம்பு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்ம வகுப்பு எப்படி நடக்குது

தமிழ்நாட்டில் மகளிர் குழு 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தது. 1997-98 முதல் மகளிர் திட்டமாய் எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. பணத்தை ஒண்ணாய்ச் சேர்க்க நாம அப்போதே பழகிட்டோம். ஒண்ணாய் உட்கார்ந்து சாப்பிட மட்டும் பழகவே இல்லை. கூட்டம் முடிந்ததும் அவங்கவங்க தூக்குப்போசியைத் திறந்து அவங்கவங்க பக்கம் உட்கார்ந்து தின்போம்.

'பிற நாட்டுச் சமையல் பழகுவோம்' என்று வகுப்பு வைக்கலாம் என்ற யோசனை வந்தபோது, வெளியில் இருந்து ஒரு மாஸ்டரைக் கூட்டி வந்து சைனீஸ், இத்தாலியன் சொல்லித் தரச் சொல்லலாம் என்று சிலர் சொன்னாங்க. எங்க குழு மூத்த அக்கா ஒருத்தர்தான், "வெளிநாட்டைப் பார்த்தவங்க நம்ம மத்தியிலேயே இருக்கறாங்க, அவங்களைக் கேளுங்கம்மிணி" என்று சொன்னாங்க. எண்ணிப் பார்த்தால் நிஜம்தான். முகாம் குழுப் பெண்கள் இருக்காங்க. கொப்பரைக் களத்தில் வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பங்கள் இருக்கு. குவைத்தில் ஒன்பது வருஷம் வீட்டு வேலை பார்த்துத் திரும்பின அக்கா இருக்காங்க. நீலகிரியில் இருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த மலையகக் குடும்பத்துத் தங்கச்சி இருக்கா.

முதல் வகுப்பு எடுத்தது ஈஞ்சம்பள்ளி முகாமில் இருந்து வந்த, திருகோணமலையில் பிறந்த அக்கா. இடியப்பமும் சொதியும். சந்தவை தெரிந்த நமக்கு இடியப்பம் என்ன பெரிசா என்றுதான் நினைத்தோம். அவங்க சிரித்துக்கொண்டே சொன்னாங்க: "நாங்கள் பிழிஞ்சு போட்டுத்தான் அவிப்பம். நீங்கள் அவிச்சுப் போட்டுத்தான் பிழியிறீங்கள்."

அவ்வளவுதான் வித்தியாசம். நாம புழுங்கல் அரிசியை ஊறப்போட்டு ஆட்டி, இட்லியாய் ஊற்றி வேகவைத்து, சூடு ஆறும் முன்னால் சந்தவை மரத்தில் பிழிகிறோம். அவங்க வறுத்த சிவப்பரிசி மாவைக் கொதி தண்ணீரில் குழைத்து, தட்டில் பிழிந்து, அப்புறம் ஆவியில் வைக்கிறாங்க. நாம தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றிக்கிறோம். அவங்க தேங்காய்ப் பாலைச் சொதியாக்குறாங்க. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் தூள் எல்லாத்தையும் இரண்டாம் பாலில் கொதிக்க விட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றி, பொங்க விடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழியணும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் திரிந்து போகும். நம்ம தேங்காய், நம்ம மஞ்சள், அவங்க கைப்பக்குவம். அடுத்த மாசம் அவங்களுக்கு நம்ம பக்கத்து அம்மாயி ஒருத்தர் சந்தவை பிழியச் சொல்லிக் கொடுத்தாங்க.

அன்னைக்கே ஒரு வழக்கம் உண்டாச்சு. போன மாசம் கத்துக்கிட்டவங்களில் ஒருத்தர் இந்த மாசம் சொல்லிக் கொடுக்கணும். யாரும் எப்பவும் வாத்தியார் இல்லை, யாரும் எப்பவும் பிள்ளை இல்லை.

ஒடிசாவில் இருந்து வந்த தங்கச்சிக்குத் தமிழ் பாதிதான் வரும். "என்னக்கா சொல்லித் தர்றது, எங்க ஊர்ச் சாப்பாடு ரொம்ப ஏழைச் சாப்பாடு" என்று வெட்கப்பட்டாள். பகாளா என்று செய்து காட்டினாள். வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்து, தயிர் சேர்த்து, வறுத்த வடகத்தை நொறுக்கிப் போட்டு, வதக்கின கத்திரிக்காயோடு சாப்பிடுவது. எங்க அம்மாயிகள் எல்லோரும் ஒரே குரலில், "அட, நம்ம பழைய சோறு!" என்றார்கள். அந்தப் பெண் அன்னைக்குச் சிரித்ததைப் பார்த்தவங்க மறக்கமாட்டாங்க. அதற்கப்புறம் அவளைத் தெருவில் பார்த்தால் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம். முன்னெல்லாம் 'இந்திக்காரி' என்போம். அவள் தாய்மொழி இந்தியே இல்லை, ஒடியா.

குவைத் அக்கா செய்தது 'மஜ்பூஸ்'. நம்ம பிரியாணிக்கு அண்ணன் தம்பி மாதிரி. அரேபியாவில் காயவைத்த எலுமிச்சையை முழுசாய்ப் போடுவாங்க. அது இல்லாததால் எலுமிச்சையை வெயிலில் நாலு நாள் சுக்காய்க் காயவைத்துப் போட்டாங்க. செய்து முடித்துவிட்டு ஒண்ணு சொன்னாங்க. "ஒன்பது வருஷம் தினமும் பதினைந்து பேருக்கு இதை ஆக்கிப் போட்டேன். ஒரு நாள் கூட அவங்களோட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நான் ஆக்கினதை எல்லோரோடவும் உட்கார்ந்து தின்னது இன்னைக்குத்தான்." யாரும் பேசவில்லை. பாத்திரம் மட்டும் காலியாச்சு.

செலவுக்கு ஒரு வார்த்தை. பொருளெல்லாம் கொடுமுடிச் சந்தையில் கிடைக்கிறதாய் இருக்கணும், ஆளுக்குப் பங்கு சமமாய்ப் போடணும், கணக்கு அன்னைக்கே எழுதணும் என்று தீர்மானம் போட்டோம். முகாமில் தணிக்கை இருக்கிற நாளில் வகுப்பு வைப்பதில்லை. அவங்க வர முடியாதே.

யார் கையால் சாப்பிடுகிறோம்

இப்போ சொல்லப் போறது எழுதக் கஷ்டமானது. ஆனால் வரலாறு என்று தலைப்புப் போட்டுவிட்டு இதை விட்டால் அது பொய்யாகும்.

இலங்கை அக்கா சமைத்ததை எல்லோரும் சாப்பிட்டோம். ஒடிசாத் தங்கச்சி சமைத்ததையும் சாப்பிட்டோம். நம்ம ஊர்க் காலனியில் இருந்து வர்ற, இருபது வருஷமாய் நம்மோடு சேமிப்புக் கட்டுகிற அக்கா ஒருத்தர் கரண்டி பிடித்த அன்னைக்கு மட்டும் ஏழெட்டுப் பேருக்கு "வயிறு சரியில்லை", "விரதம்", "வீட்டில் விருந்தாடி" என்று காரணம் வந்துவிட்டது. கடல் தாண்டி வந்த கை நமக்குச் சரி. மூணு தெரு தாண்டி இருக்கிற கை நமக்குச் சரியில்லை. இதுக்குப் பேர் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

இது நம்ம கூட்டமைப்பில் மட்டும் இருக்கிற நோய் இல்லை. 1982 ஜூலை 1-ல் திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒரே பாத்திரத்துச் சோற்றை எல்லாப் பிள்ளைகளும் ஒண்ணாய் உட்கார்ந்து தின்றது. பெரியவர்களுக்கு அது சுலபமாய் இறங்கவில்லை. 2018 ஜூலையில் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளிக்குச் சமைக்க வந்த அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் சிலர் எதிர்த்தார்கள். அவரை இடம் மாற்றி உத்தரவு போட்டார்கள். அது வெளியில் தெரிந்து போராட்டம் ஆன பிறகு மறுபடி அதே பள்ளியில் சமைக்க வைத்தார்கள். எதிர்த்தவர்கள் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள்.

2022 செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அங்கே சமைப்பவர்கள் யார்? மகளிர் குழுப் பெண்கள், அதாவது நாம. அடுத்த மாசமே நம்ம பக்கத்துக் கரூர் மாவட்டத்து வேலன்செட்டியூரில், பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்று சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே பள்ளிக்குப் போய் அந்த உணவைச் சாப்பிட்டுப் பேச வேண்டி வந்தது.

விடிகாலையில் எழுந்து, ஐம்பது பிள்ளைகளுக்குக் கிச்சடி கிண்டி, ஒரு பிள்ளை தட்டை நகர்த்திவிட்டுப் போவதைப் பார்க்கிற பெண்ணும் நம்ம குழு உறுப்பினர்தான். அவளுக்குச் சம்பளம் யார் கொடுத்தாலும், அந்த அவமானத்துக்கு ஈடு யாரும் கொடுக்க முடியாது.

அதனால் நம்ம வகுப்பில் இரண்டாவது வழக்கம் ஒண்ணு கொண்டு வந்தோம். அன்னைக்கு யார் கரண்டி பிடிக்கணும் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். சொல்லிக் கொடுப்பது ஒருத்தர், சமைப்பது சீட்டில் பேர் வந்த இரண்டு பேர். சமையல் முடியும் வரைக்கும் இருந்தவங்க எல்லோரும் ஒரே பந்தியில், ஒரே பாத்திரத்தில் இருந்து பரிமாறிச் சாப்பிடணும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கு. ஆரம்பத்தில் வகுப்புக்கு வருவோர் குறைந்தாங்க. பிறகு ஒருத்தர் ஒருத்தராய்த் திரும்பி வந்தாங்க. அரிசிம்பருப்பு சோறு ஆக்கின அன்னைக்குக் காலனி அக்கா பேர் சீட்டில் வந்தது. அன்னைக்குப் பந்தியில் முப்பத்தொரு பேர். நான் எண்ணினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இரண்டு பேர் இன்னமும் வெங்காயம் உரித்துக் கொடுப்பாங்க, தேங்காய் துருவிக் கொடுப்பாங்க, இலை போடும் நேரத்தில் பஸ் வந்துவிட்டது என்று கிளம்பிப் போவாங்க. அவங்களும் இந்த மலரைப் படிப்பாங்க. அவங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. உங்களுக்கு ஒவ்வொரு மாசமும் இலை போட்டு வைக்கிறோம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். மிளகாயை ஏற்றுக்க நம்ம பாட்டிமாருக்கு எத்தனையோ தலைமுறை ஆச்சு. நமக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

இனிமேல்

வட்டாரத்தில் மற்ற கூட்டமைப்புகளும் இப்படி வகுப்பு நடத்த நினைத்தால், எங்க அனுபவத்தில் நாலு விஷயம் சொல்றேன். எந்தச் சமையலோ அந்தச் சமையலுக்குச் சொந்தமானவங்களே சொல்லிக் கொடுக்கட்டும், யூடியூப்பைப் பார்த்து வேண்டாம். கத்துக்கிட்டவங்க அடுத்த தடவை கத்துக் கொடுக்கட்டும். கரண்டி யார் கையில் என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும். சமைத்ததை எல்லோரும் ஒண்ணாய் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் வகுப்பு முடிந்ததாய்க் கணக்கு எழுதணும்.

வரும் தை மாசத்து வகுப்புக்கு நீலகிரித் தங்கச்சி மலையகத்துத் தேங்காய் ரொட்டியும் இடிச்ச சம்பலும் செய்யப் போகிறாள். உரலும் உலக்கையும் யார் வீட்டில் நல்லதாய் இருக்கோ, அவங்க ஊராட்சி அளவிலான கூட்டமைப்புச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்க. பங்குப் பணம் வழக்கம் போல. தட்டு, டம்ளர் அவங்கவங்க கொண்டு வரணும். தூக்குப்போசி வேண்டாம்.